கடைப் பக்கம்

என் மேசைமீது அட்டை நைந்த இலக்கண உரைநூல் ஒன்று கிடக்கிறது. அதன் முன்னட்டையின் உட்புறத்தில், மருந்துக் குப்பிகளில் ஒட்டுவதற்கென வெட்டிய வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அத்தாளில் கரிக்கோலால் எழுதிய இரண்டு வரிகள் உள்ளன. மேல்வரி என் கையெழுத்து. கீழ்வரிக்கு உரியவரை நான் ஒருமுறையும் கண்டதில்லை. இந்நூலைத் திறவாமல் ஒரு திங்கள் கழிந்தால் எனக்கு உறக்கம் கெடுகிறது, திறந்தாலும் கெடுகிறது.

மைசூரில் மன்னராட்சி நடந்த காலம். மண்டி மொகல்லாவின் ஒரு குறுக்குச் சந்தில், ஊதுபத்திக் கடையை ஒட்டிய வீட்டின் முன்னறையில், ஓர் அம்மையார் தமிழ் நூல்களை இரவல் கொடுத்துவந்தார். அவருடைய கணவர் மருத்துவமனையில் கம்பவுண்டர். ஆகவே ஊரார்க்கு அவர் கம்பவுண்டரம்மா. தூய சொற்களில் எனக்குப் பித்துப் பிடித்திருந்த வயது அது. ஒருநாள் அவரை “மருந்தாளுநர் துணைவியாரே” என்று அழைத்துவிட்டேன். அவர் வாசற்பக்கம் எட்டிப் பார்த்து, “யாரைக் கூப்பிடறீங்க? பக்கத்து வீட்டுலயும் யாரும் இல்லையே” என்றார். அதன்பின் நானும் அவரைக் கம்பவுண்டரம்மா என்றே அழைத்தேன்.

இரண்டு மர அலமாரிகள், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு சிலுவை: நூலகம் அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவதால் அன்று மட்டும் கதவு திறவாது. பக்கத்துக் கடையில் சந்தனத் தூள் இடிக்கும்போது எழும் மணம் அலமாரிக்குள் புகுந்து தாள்தோறும் தங்கிவிட்டிருந்தது. அலுவலகத்தில் நாள் முழுதும் கன்னட ஓலைகளைப் படியெடுத்து ஓய்ந்த எழுத்தன் நான். அவ்வறையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் தாகம் தீர்ந்தாற்போல் இருக்கும்.

நூலை ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம். வேறொருவர் காத்திருந்தால் ஒரு நாளும் நீட்டித் தரமாட்டார். “ஏழு நாள் மருந்துதான் கொடுப்பேன். நோய் தீரலேன்னா வரிசைல வாங்க” என்பார். கணவர் கொண்டுவரும் குப்பித் தாள்களை ஒவ்வொரு நூலிலும் ஒட்டியிருந்தார். படித்தவர் அடுத்துப் படிப்பவருக்கு அதில் ஒரு வரி எழுதிவைப்பது அந்நூலகத்து வழக்கம். ‘நடுவில் அலுப்பு, பொறுத்துக்கொள்ளவும்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். ‘மாமியாருக்குக் காட்டாதீர்’ என்று இன்னொருவர் எழுதியிருப்பார். நேரில் அறியாதவர்கள் அந்தச் சிறு தாள்களில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவ்வாண்டு தமிழ்ப் பண்டிதர் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். தேறினால் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் வேலை உறுதி. தவறினால் படியெடுக்கும் மேசையே கதி. தேர்வுக்குரிய உரைநூல் நான் அறிந்தவரை நகரில் ஒரே படிதான் இருந்தது. அதுவும் கம்பவுண்டரம்மாவின் அலமாரியில். எனக்குப் போட்டியாக அதே நூலை வேறொருவரும் மாறிமாறி எடுத்துவந்தார். அவர் மாதேஸ்வரன் மலை வழியில் உள்ள கௌதள்ளியிலிருந்து வந்து, மண்டியில் ஒரு மளிகைக் கிடங்கில் எழுத்து வேலை பார்ப்பவர். அவரும் அதே தேர்வுக்குப் படிப்பவர். நான் காலையில் வருவேன், அவர் மாலையில் வருவார். அறிந்தது இவ்வளவே. அவர் புரட்டிய தாள்களில் படிந்திருக்கும் மிளகாய் நெடியைக் கண்டு நான் முகஞ்சுளித்ததும் உண்டு.

நாள்களை எண்ணிப் பார்த்தேன். தேர்வுக்கு முந்திய கடைசி ஏழு நாள் அவர் முறையில் விழுந்தது. என் பொருட்டு அவரிடம் ஒரு சொல் சொல்லும்படி கம்பவுண்டரம்மாவை வேண்டினேன். “இது தபாலாபீஸ் இல்லப்பா. எழுதணும்னா தாள் ஒட்டியிருக்கேனே, அல்வா?” என்றார். ‘அல்லவா’ என்பது அவர் வாயில் கன்னடமாகவே வரும். அத்தாளிலோ ஓரிரு வரிக்கு மேல் இடமில்லை. ஆகவே நூலின் இறுதியில் வெறுமையாய் இருந்த பக்கத்தில் என் வேண்டுகோளை விரித்து எழுதினேன்: அவ்வேழு நாளைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வோம், முற்பாதி தங்களுடையது, பிற்பாதி எனக்கு, இசைவை இதன்கீழ் எழுதுக. பின்பு முன்னட்டைத் தாளில் ‘கடைப் பக்கத்தில் காண்க’ என்று குறித்து நூலைத் திருப்பிக் கொடுத்தேன். ‘கடைசி’ என்ற சொல் எழுத்து நடைக்குத் தாழ்ந்தது என்பது அந்நாளைய என் எண்ணம்.

எட்டாம் நாள் நூல் என் கைக்கு வந்தது. என் வரியின்கீழ் சாய்ந்த கையெழுத்தில் ஒரு விடை: ‘மூன்று நாள் பார்த்தேன். காணோம்.’ விரைந்து இறுதிப் பக்கத்தைத் திருப்பினேன். என் வேண்டுகோள் எழுத்துக் குலையாமல் அப்படியே இருந்தது. அதன்கீழ் ஒரு புள்ளிகூட இல்லை. பக்கம் நிறைய எழுதியிருப்பதைக் காணோம் என்கிறாரே, அதிலும் மூன்று நாள் பார்த்தாராமே என்று உடல் கொதித்தது. கிடங்குக்காரன் என்னை எள்ளி நகையாடுகிறான் என்றே முடிவு கட்டினேன்.

என் ஏழு நாள் முடிந்தது. நூலைத் திருப்பவில்லை. அந்தச் சந்தைத் தவிர்த்து, சுற்றுவழியாக அலுவலகம் போனேன். மூன்றாம் நாள் கம்பவுண்டர் என்னை வழியில் கண்டு நூலைக் கேட்டார். காய்ச்சலாகக் கிடந்தேன், நாளை தருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மனிதர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலையே என் அறைக்கு ஒரு குப்பி மருந்து வந்து சேர்ந்தது. அதன்மேல் அதே வெள்ளைத் தாள். மருந்தைச் சாக்கடையில் கொட்டினேன். வெறுங்குப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாளை நாளை என்று தள்ளித் தேர்வு நாள்வரை நூலை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

தேர்வு எழுதிய மறுநாள் நூலோடு போனேன். கம்பவுண்டரம்மா கடிந்து பேசவில்லை. “காய்ச்சல் போச்சா?” என்றார். பின்பு அலமாரியைப் பார்த்தபடியே சொன்னார்: “கௌதள்ளிக்காரர் நேத்துதான் ஊருக்குப் போனார். பரீட்சைக்கே போகலையாம். புஸ்தகம் இல்லாம போய் சும்னே உக்காந்துட்டு வரணுமான்னார்.”

நான் என் சினத்தை நியாயப்படுத்த முயன்றேன். முன்னட்டைத் தாளைக் காட்டி, அவர் செய்த ஏளனத்தைப் பாருங்கள் என்றேன். அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரியையும் படித்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இது நீங்களா எழுதினது? அவர் மூணு சாயங்காலம் இந்த ஊதுபத்திக் கடைப் பக்கம் வந்து நின்னாரே. யாருக்காக நிக்கறீங்கன்னு கேட்டேன். கடைப் பக்கத்துல பாக்கச் சொல்லி ஒருத்தர் எழுதியிருக்கார்னார்.”

கம்பவுண்டரம்மாவே தொடர்ந்தார், கௌதள்ளிக்காரரின் கொங்குப் பேச்சை அப்படியே திருப்பிச் சொன்னார்: “‘அவருக்கு என்ன இடைஞ்சலோங்க, வரமுடியாமப் போச்சாட்ட இருக்குது’ன்னு உங்களுக்காகத்தான் வருத்தப்பட்டுட்டுப் போனார்.”

நான் தேறினேன். ஆசிரியன் ஆனேன். சொல்லின் இருபொருளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் பலகைக்கு முகம் திருப்பிக்கொள்வேன். சில ஆண்டுகளில் கம்பவுண்டருக்கு வேற்றூர் மாற்றலாயிற்று. அம்மையார் நூல்களைத் தெருவாருக்குப் பகிர்ந்து கொடுத்தார். இந்நூலை என் கையில் வைத்து, “இது உங்க வீட்டுல இருந்து பழகினது, நீங்களே வெச்சுக்கங்க” என்றார். பரிசா, குத்தலா என்று அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பிற்காலத்தில் குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் கௌதள்ளியில் வண்டி நிற்கும். சன்னலருகே அமர்ந்து, இறங்கி விசாரிக்கலாம் என்று எழுவேன், நடத்துநர் சீழ்க்கை ஊதுவார், மறுபடி அமர்ந்துவிடுவேன். பெயரும் அறியேன், என்னவென்று விசாரிப்பது என்பதே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. கம்பவுண்டரம்மா ஊரில் இருந்தவரை அப்பெயரைக் கேட்டறிந்திருக்கலாம், கேட்கவில்லை.

சென்ற வாரம் அந்தச் சந்துக்குப் போனேன். ஊதுபத்திக் கடை இருந்த இடத்தில் மிதிவண்டி பழுதுபார்க்கிறார்கள். நூலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதன் ஓரமாய் நின்றேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார். வருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று தடுமாறிச் சொன்னேன். முக்கால் மணி நேரத்துக்குமேல் என் கால்கள் பொறுக்கவில்லை. அவரோ நாள் முழுதும் கிடங்கில் உழைத்துவிட்டு மூன்று மாலை நின்றிருக்கிறார்.

வீட்டிற்கு வந்து கரிக்கோலைச் சீவினேன். முன்னட்டையைத் திறந்து, ‘கடை’ என்பதற்கும் ‘பக்கம்’ என்பதற்கும் நடுவே, வரிக்கு மேலாக, அன்று நான் எழுத மறுத்த ‘சி’ என்னும் எழுத்தைச் சேர்த்தேன். நெருக்கத்தில் அது சொல்லோடு ஒட்டாமல் தனித்து நிற்கிறது. வாய்விட்டுப் படித்தால், அந்த ஓரெழுத்து மட்டும் சற்றே நீண்டு, ‘சீ’ என்று ஒலிக்கிறது.