முதல் வரியில் ஓர் ஊர்

மாவட்டச் செய்தியாளருக்கு எழுதுவது பாதி வேலை. எழுதியது என்ன கோலத்தில் அச்சாகியிருக்கிறதோ என்று காலையில் பயந்துகொண்டே பேப்பரைப் பிரிப்பது மீதி. இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரே நிபந்தனை

அரசு மருத்துவமனை ஒன்றில் வாரம் ஒருநாள் திருநர்களுக்கென்று தனிப் பிரிவு நடக்கிறது. அங்கே அம்மாவுடன் வந்திருந்த ஒரு பிளஸ் டூ மாணவியைச் சந்தித்தேன். பையனாக வளர்க்கப்பட்டு, தான் பெண்தான் என்று சொன்ன பிள்ளை. தன்னைப் போலத் தவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் இருப்பது தெரியட்டும் என்று பேச ஒப்புக்கொண்டாள். வயல் வேலைக்குப் போகும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "எழுதுங்க அண்ணாச்சி. ஊரு பேரு மட்டும் வேண்டாம். அவ அப்பாவுக்குத் தெரியாமத்தான் கூட்டிட்டு வாரேன்."

கொட்டை எழுத்து

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பதினெட்டு வயதுக்குள் அறுவை சிகிச்சை கிடையாது, பேச்சும் ஆலோசனையும்தான். அப்படியே எழுதினேன். காலையில் நான் வைத்த தலைப்பைக் காணோம். 'பெண்ணாக மாறத் துடிக்கும் பள்ளி மாணவன்!' என்று கொட்டை எழுத்தில் நின்றது. மருத்துவர் போன் செய்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நீங்க எழுதினத உங்க ஆபீஸ்லயே யாரும் படிக்கலையா சார்?"

பக்கம் பூரா நெல்லை

எங்கள் பேப்பரில் ஊர்ப்பெயர் இல்லாமல் ஒரு செய்தியும் தொடங்காது. நான் 'நெல்லை' என்றுதான் போட்டனுப்பினேன். அன்று அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எல்லாம் நெல்லைச் செய்தி. துணையாசிரியர் போனில், பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். கூட வேலை பார்ப்பவர்தானே என்று ஊரைச் சொன்னேன்; போடக்கூடாது என்றும் சொன்னேன். போட்டுவிட்டார். ஆற்றங்கரையில் சின்ன ஊர். இங்கேயும் பெயரை எழுதப்போவதில்லை. செய்தியில் பிள்ளையின் பெயரைத்தான் மாற்றியாயிற்றே என்பது அவர் கட்சி. சண்டைக்குப் போன என்னிடம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பக்கம் பூரா நெல்லைன்னா நல்லாவா வே இருக்கும்? அந்த ஊர்க்காரன் பத்துப் பேப்பர் கூட வாங்குவாம்லா."

டவுன் பஸ்

அந்த ஊரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டவுன் பஸ்ஸில் பேப்பர் கைமாறியது. பஸ் ஊர் போய்ச் சேருமுன் பிள்ளை யாரென்று தெரிந்துவிட்டது. அப்பா படிப்பை நிறுத்தி, வெளியூரில் சொந்தக்காரர் கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். அதன்பின் அவள் மருத்துவமனைப் பக்கம் வரவே இல்லை. நல்லது நடக்கட்டும் என்று பேச வந்த பிள்ளை. நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கடைப் போனிலிருந்து ஒருமுறை என்னைக் கூப்பிட்டாள். திட்டவில்லை. "நான் ஆசையா வெச்சுக்கிட்ட பேர மாத்திட்டு, மறைக்கச் சொன்ன ஊரப் போட்டுட்டீங்களே சார்."

எங்கள் பேப்பர் தவறுக்கு வருத்தம் தெரிவிக்காத பேப்பர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கவுன்சிலரின் இனிஷியல் மாறி வந்ததற்காக அந்த வாரமே கட்டம் கட்டி வருந்தினோம்.