கடிகாரம் சரி

என் அப்பா கிளாரி ஹாப்டே விஞ்ஞானி அல்ல. நியூ சவுத் வேல்ஸில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நிற்கும் ரேடியோ தொலைநோக்கியை ஏழு வருடம் இயக்கினார். பிறகு பன்னிரண்டு வருடம் அதன் கீழே புல் வெட்டினார்.

1968 அக்டோபரில் அவர் ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்தார். சூரியனைவிடக் கனம், குறுக்களவு இருபது கிலோமீட்டர், எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரையான தூரம். வினாடிக்கு ஏழு சுற்று, சுற்றுக்கு ஒரு ரேடியோ துடிப்பு. அது நாளாக ஆக மெதுவாகும், வேகம் கூடாது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை துடிப்புகள் முன்கூட்டியே வந்தன.

நிலையத் தலைவர் பென்ஹால் சிரித்தார். "நட்சத்திரம் அவசரப்படாது கிளாரி. நீதான் கடிகாரத்துக்குச் சாவி குடுக்க மறந்திருப்ப."

"வானொலி நேரத்தோட மூணு தடவ ஒப்பிட்டுட்டேன் டாக்டர். கடிகாரம் சரி. நட்சத்திரந்தான் முந்துது."

"அப்ப அதுக்கு ஒரு மெமோ அனுப்பு."

துடிப்புகள் பதிவான காகிதச் சுருள்களைக் குப்பையில் போட்டார்கள். அப்பாவைப் புல்வெட்ட அனுப்பினார்கள். அடுத்த வருடமே வேறு ஆட்கள் வேறொரு நட்சத்திரத்தில் அதே வேகப் பாய்ச்சலைக் கண்டார்கள். அப்பாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

பொறியியல் படித்தபின், அந்த நட்சத்திரம் ஏன் முந்தியது என்று அவருக்கு வரைந்து காட்டினேன். மேலே இறுகிய ஓடு, உள்ளே உராய்வே இல்லாத திரவம். ஓடு மெதுவாகும், திரவம் பழைய வேகத்திலேயே சுழலும். ஒரு நாள் திரவம் உந்த, ஓடும் சட்டென்று வேகம் பிடிக்கும்.

"சரிதான்," என்றார். புல்வெட்டியின் பிளேடைக் கழற்றப் போனார்.

போன வியாழக்கிழமை அவரை அடக்கம் செய்தோம். தொலைநோக்கி நிலையத்தின் உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் தேநீர். ஓய்வுபெற்ற பென்ஹால் கோப்பையோடு எழுந்தார்.

"கிளாரி நம்பகமான ஆளு. ஒரே ஒரு தடவதான் அவன் கடிகாரம் தப்பா ஓடுச்சு."

சிரித்தார்கள். அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களும்.

தொலைநோக்கியை இயக்கியவர்கள் எழுதிய பழைய குறிப்பேடுகள் அங்கேயே கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. 1968-ஐ எடுத்தேன். அப்பாவின் வரியில் சிவப்புக் கோடு, பக்கத்தில் பென்ஹாலின் கையெழுத்து. அவருடைய கேக் தட்டின்மேல் திறந்து வைத்தேன்.

"வாசிங்க."

"நெரிடா, இது அதுக்கான நேரமில்லம்மா."

"வாசிங்க டாக்டர்."

மூக்குக்கண்ணாடியைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.

"கடிகாரம் சரி," என்று முணுமுணுத்தார். "நட்சத்திரம் முந்துகிறது."

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல," என்றேன். "மறுபடியும்."