ஹமீதா மேடம் போட்ட இரண்டு நாற்காலிகள்

திராட்சைப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் நிவேதா போன் செய்தாள். "யப்பா, ஹமீதா மேடம் தவறிட்டாகப்பா. நெஞ்சுவலியாம்" என்றாள். கவாத்து என்பது எந்தக் குச்சியை வெட்டுவது, எதை விடுவது என்று பார்த்துச் செய்கிற வேலை. அன்றைக்கு விட வேண்டியதை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் புள்ளியியல் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்பையே இரண்டு தாவலில் தாண்டியவன். என் எழுத்தில் பிழை இருந்தால் எங்கள் தமிழ் வாத்தியாரைக் குறை சொல்லாதீர்கள். அவர் தன்னால் ஆனமட்டும் அடித்துப் பார்த்தார். அவரை மீறி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் துக்கம் மட்டுமல்ல. கோபம்.

மேடத்தை நான் முதலில் பார்த்தது நிவேதா இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. வருகை குறைவு, தேர்வு எழுத முடியாது, தகப்பனாரை அழைத்து வா என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் அடித்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற பிள்ளை அவள். விசாரித்தால் விஷயம் இதுதான்: முதல் மணி அடித்த பிறகு வந்தால் அரைநாள் ஆப்சென்ட். காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ் ஏறி, கம்பத்தில் இறங்கி, தேனி வண்டி பிடித்துப் போகிற பிள்ளை எந்த மணிக்குப் போய்ச் சேரும்? அறுவடைக் காலத்தில் பெட்டி ஏற்றுகிற லாரிகள் ரோட்டை மறித்து நிற்கும். அதில் ஏறுவது என் திராட்சைதான். என் பெட்டியே என் மகளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறது!

நம் ஊர்க்காரன் எந்த ஆபீசுக்கும் வெறுங்கையோடு போகமாட்டான். நல்ல கொத்தாகப் பார்த்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சையைத் தலையில் வைத்துக்கொண்டு, முதல்வர் அறைக்கு வெளியே போய் நின்றேன். அந்தப் பக்கம் வந்தவர்தான் ஹமீதா மேடம். மாணவர் உதவி மையம் அவர் பொறுப்பில் இருந்தது என்று பிறகுதான் தெரியும்.

"அண்ணே, இது யாருக்கு?"

"சாருக்குங்கம்மா. நம்ம தோட்டத்துப் பழம்."

"சாருக்குச் சக்கரை இருக்கு. இங்கன வாங்க."

தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியை மேசைமேல் வைக்கச் சொன்னார். அங்கே என் மகளைப் போலவே தேர்வுக்குத் தடை வாங்கிய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "ஏலே, வாங்க, தின்னுங்க. விதையைக் கண்ட இடத்துல துப்பாதீக" என்றார். ஒரு சீசன் பசியோடு வந்த மாதிரி பிள்ளைகள் பெட்டியைக் காலி செய்தார்கள். மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "லஞ்சம் தீந்துபோச்சுண்ணே. இனி நாம நியாயத்தைப் பேசலாம்."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "பாத்து மன்னிச்சு விடுங்கம்மா" என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. சுவரோரம் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் என்று அவரே கேட்டு வாங்கிப் போட்டவை.

"முதல்ல உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேட்டா பிச்சை கேக்குற மாதிரி இருக்கு. என்னைப் பெத்த அத்தாவும் இப்படித்தான் என் காலேஜ்ல நின்னாக. எனக்கு இன்னும் ஆறல."

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். "முழுசா உக்காருங்கண்ணே, அது ஒண்ணும் கடிக்காது" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் மேடம் நின்றார். உத்தமபாளையத்தில் இருக்கிறவர், முந்தின நாளே கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடிந்ததும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். "என்னங்கம்மா இங்கன?" என்று பதறினேன். "பிள்ளைக கூடக் காலேஜுக்குப் போறேன்" என்றார். பஸ் வழக்கம்போல் தாமதம். கூட்டத்தில் நசுங்கி, கம்பத்தில் மாறி, கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்து முடிந்திருந்தது. ஆசிரியர்கள் விரல் வைக்கிற மெஷின் அவருக்கும் அரைநாள் விடுப்பு போட்டது. அனுமதி எழுதிக் கொடுங்கள், சரிசெய்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். "பிள்ளைகளுக்கு இல்லாத அனுமதி எனக்கு எதுக்கு? நாங்க எல்லாரும் ஒரே பஸ்ஸுலதான் வந்தோம்" என்று முதல்வர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பருவத்துக்கு மட்டும் கல்லூரி இறங்கிவந்தது. பஸ்ஸில் வந்த பிள்ளைகள் எல்லோரும் தேர்வு எழுதினார்கள்.

அவரைக் கல்லூரிக்காரர்கள் மன்னிக்கவில்லை. புதுக் கல்வியாண்டில் விதி திரும்பி வந்தது. உதவி மையத்துக்குப் பூட்டு வந்தது. வெளியூரிலிருந்து ஆய்வுக்குழு வருகிற அன்றைக்கு மட்டும் அதைத் திறந்து, பூந்தொட்டி வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டினார்கள். அந்த இரண்டு நாற்காலிகளும் விருந்தினர் அறைக்குப் போயின. மேடம் கேன்டீன் பக்கத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். மையம் எங்கே என்று ஒரு புதுப் பையன் கேட்டதற்கு, "நான் எங்க உக்காந்திருக்கேனோ அங்கனதான்" என்றாராம்.

அவருக்கு மண் அள்ளிப் போட்டுவிட்டு வந்த அந்த வாரமே கல்லூரி வாசலில் ஆள் உயர பிளெக்ஸ் ஏறியது. 'மாணவர்களின் தாய்' என்று அதில் எழுதியிருந்தார்கள். தாய்க்குப் பூட்டுப் போட்டவர்கள் எழுதியது அது. அஞ்சலிக் கூட்டம் முதல் மணிக்கு என்று அறிவித்தார்கள். நானும் மகளோடு அதே பஸ்ஸில் போனேன்.

மணி அடித்து முடிந்திருந்தது. பஸ்ஸில் வந்த பிள்ளைகள் எல்லாம் வெளியே நிற்க, வாசல் கதவு சாத்தியிருந்தது. காவலாளி பாவம், கண்ணைப் பார்க்காமல் பேசினார். "மணி அடிச்சா தெறக்கக் கூடாதுன்னு உத்தரவுண்ணே."

"உள்ள யாருக்குய்யா அஞ்சலி நடக்குது?"

"ஹமீதா மேடத்துக்கு."

"அவுக பிள்ளைக பூரா வெளிய நிக்குதேய்யா!"

அதற்குப் பதிலை மைக் சொன்னது. மாணவர் நலனுக்காகவே வாழ்ந்தார் என்று மதில் தாண்டி எங்களுக்குக் கேட்கும்படி சொன்னது. மௌன அஞ்சலியை நாங்கள் ரோட்டில் நின்று செலுத்தினோம். கூட்டம் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். எல்லோருக்கும் அரைநாள் ஆப்சென்ட். "யப்பா, இதோட எனக்குக் கணக்குத் தாண்டிருச்சு. கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டாக" என்றாள் நிவேதா. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேரே முதல்வர் அறைக்குள் போனேன். கையில் திராட்சை இல்லை. துண்டு தோளிலேயே கிடந்தது. அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழுசாக, முதுகு சாய.

"யாருங்க நீங்க? இப்ப மீட்டிங் இருக்கு, அப்புறம் வாங்க" என்றார்.

"நிவேதாவோட அப்பா. அவசரமில்லைங்கய்யா, நீங்க மீட்டிங்க முடிச்சிட்டே வாங்க. எங்க ஊர் பஸ் எப்பவும் லேட்டாத்தான் வரும்."

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மறுநாளும் போனேன், அதையே சொன்னார்கள். கவாத்துப் பாதியில் கிடக்கிறது, கிடக்கட்டும். நாளைக்கும் போவேன். மேடத்திடமிருந்து எனக்குப் புள்ளியியல் வரவில்லை, அவருடைய பொறுமையும் வரவில்லை. உட்கார்ந்து கேட்கிற பழக்கம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அவரிடம் படித்தவர்களே, அவரால் பரீட்சை எழுதியவர்களே, பிளெக்ஸுக்கு மாலை போட வராதீர்கள். முதல்வர் அறைக்கு வாருங்கள். அங்கே நாற்காலி போதாது. நாம் தரையில் உட்காரலாம்.