படுக்கிற அளவுக்கு ஒரு படகு

எங்கள் வீட்டுச் சாவி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. லைட்ஹவுஸ் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அந்த வீட்டைக் காட்டுவார்கள். கூட வரச் சொன்னால் மட்டும் வர மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் மாலதி. பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் சாம்பிள் செய்கிற வேலை. வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார். அது ஆடாமல் உட்காருகிற மாதிரி ஒரு பெட்டியை வெட்டி, மடித்து, ஒட்டிக் காட்ட வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் வீட்டில் பேப்பர் கப்பல் செய்வேன். போனில் படம் இறக்கி, கடையில் தடித்த தாளில் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து ஒட்டுவது. சரக்குக் கப்பல், டேங்கர், பாய்மரக் கப்பல் எல்லாம் அலமாரியில் நிற்கும். "என் பொண்டாட்டி கப்பல் கம்பெனி வச்சிக்கீறா" என்று என் கணவர் பரத் கரையில் எல்லோரிடமும் சொல்வார்.

போன வருஷம் ஆவணியில், முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலை தூக்கிப் போட்டு அவருடைய ஃபைபர் போட் கவிழ்ந்தது. கூடப் போன பூவரசன் நீந்திக் கரையேறினான். பரத் வரவில்லை. போட்டும் உடைந்து போனது. குப்பமே தேடியது. உடல் கிடைக்காததால் அவர் படத்துக்கு மாலை போடவில்லை. காரியமும் செய்யவில்லை. வீட்டில் நானும் அவருடைய அம்மா எல்லம்மாவும் மட்டும் இருந்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. சோறு வடித்தேன். வேலைக்குப் போனேன். கையில் சூடு பட்டால்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய போட்டைப் பேப்பரில் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. ஒரு சாண் நீளம். நீலமும் வெள்ளையும் அடித்து, பக்கத்தில் போட் நம்பர்கூட எழுதினேன். அதை அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் அது நசுங்கியிருந்தது. கீழே விழவில்லை. வைத்த இடத்திலேயே, மேலிருந்து அமுக்கியது போல...

"பூனையா அத்தை?" என்றேன்.

அத்தை அடுப்படியில் உட்கார்ந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பூனை இல்ல. பரத்து வந்தான். சின்னதா கீது, எடம் பத்தலன்றான். பெருசா ஒண்ணு செஞ்சி குடு."

மருமகளிடம் இப்படிச் சொன்னால் எந்த மருமகளும் பதறியிருப்பாள். நான் கேட்டது ஒன்றுதான்.

"எவ்ளோ பெருசு?"

மூன்று மடங்காக்கினேன். பெரிதாக்குவது என்றால் அளவுகளை மூன்றால் பெருக்கினால் மட்டும் போதாது. மெல்லிய தாளில் நின்றது பெரிய அளவில் நிற்காது, அட்டைக்கு மாற வேண்டும். அட்டைக்குத் தடிமன் உண்டு. ஒவ்வொரு மடிப்பிலும் அதைக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கத்து முனை ஒன்று சேராது. இரண்டு நாள் அதிலேயே போனது. அந்த இரண்டு நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்றரை முழப் படகு. முன்னறையில் தரையில் வைத்தேன். அடுத்த நாள், விளக்கு வைக்கிற நேரம். நான் அடுப்படியில் இருந்தேன்.

க்ர்க்... க்ர்க்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கம்பெனியில் தினமும் கேட்பது. அட்டை உடைகிற சத்தம் இல்லை. எடை ஏறும்போது உள்ளே இருக்கிற நெளிவுகள் ஒவ்வொன்றாகப் படிகிற சத்தம்.

முன்னறைக்கு வந்தேன். யாரும் இல்லை. படகின் குறுக்குப் பலகை நடுவில் குழிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குழிந்தது.

"இதுவும் பத்தலயாம்," என்றார் பின்னால் வந்து நின்ற அத்தை. "ஒருத்தர் படுக்கற அளவுக்குச் செஞ்சிடு."

"என்கிட்ட பேச மாட்டாரா அத்தை?"

"பேச மாட்டான். நீயும் பேச்சு குடுக்காத."

அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

மூன்றாவதற்கு ஏழு ப்ளை அட்டை, ஏழு தாள் அடுக்கி ஒட்டியது. கம்பெனியில் கழித்துப் போட்ட பெரிய தாள்களைப் பூவரசன் லோடு ஆட்டோவில் கொண்டுவந்தான்.

"அண்ணி, இது இன்னாத்துக்கு?"

"உங்க அண்ணனுக்கு."

அவன் தாள்களை வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். நானே உள்ளே இழுத்துப் போட்டு, முன்னறையில் வைத்தே வெட்டி ஒட்டினேன். முதல் படகைப் போலப் பத்து மடங்கு. ஏழரை அடி.

முடித்த அன்று மழை. ஏழு பத்துக்குக் கரண்ட் போனது. அத்தை மெழுகுவர்த்தி ஏற்றிப் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

க்ர்க்...

முதலில் நடுவில்.

பிறகு தலைப்பக்கம்.

யாரோ மெதுவாகப் படுத்துக்கொண்டார்கள்.

கால்பக்கத்து அட்டை வெளியே புடைத்தது. இரண்டு புடைப்பு. குதிகால் அளவு.

பரத் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"அத்தை... இவர் காலு இவ்ளோ நீளமா?"

"செத்தா நீளும்," என்றார். பிறகு அட்டையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். "தூங்கு நைனா... தூங்கு..."

நான் கையை நீட்டிப் படகின் வெளிப்பக்கம் வைத்தேன்.

அதே இடத்தில், உள்ளேயிருந்து, ஒரு உள்ளங்கை அழுத்தியது.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நகம் பதிந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. வந்துவிட்டார் என்று மட்டும் நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் அதே நேரம். க்ர்க். படுப்பது. அத்தை தட்டிக்கொடுப்பது. விடிந்தால் படகு காலி. நான் பழகிவிட்டேன்.

மார்கழியில் பூவரசன் வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினான். ஆந்திரா பக்கம், சூலூர்பேட்டையைத் தாண்டி ஒரு கடலோரக் குப்பத்தில் ஆவணியிலேயே ஒரு உடல் ஒதுங்கியதாம். அந்தத் தகவல் இப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. மறுநாள் காலையில் அவனோடு போனேன்.

போலீஸ்காரர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். வலது கை. அதில் பச்சை குத்தியிருந்தது. எல்லம்மா.

அந்தக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களைத் தென்னந்தோப்புக்குக் கூட்டிப் போனார். நாகப்பன் என்று பெயர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"கடலு கொண்டாந்து குடுத்த பிள்ளம்மா. எங்க பிள்ளையா நெனச்சி அடக்கம் பண்ணோம். பதினாறு வரைக்கும் எல்லாம் செஞ்சோம். ஒரு கொறையும் வைக்கல."

மண்மேட்டின் மேல் யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள். நான் கும்பிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதினாறாம் நாள் முடிந்து வெகு நாள் கழித்துத்தான் நான் அந்த ஒரு சாண் படகைச் செய்தேன்.

திரும்பும்போது ரயிலிலும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். காரியமெல்லாம் முடிந்து அடங்கியவர் எதற்குத் திரும்பி வர வேண்டும்?

வீடு வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. முன்னறையில் மெழுகுவர்த்தி. அத்தை தட்டிக்கொண்டிருந்தார். அட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது... மூச்சு விடுவது போல.

பக்கத்தில் உட்கார்ந்து அத்தையின் காதில் சொன்னேன்.

"பரத் அங்க கீறாரு அத்தை. அடக்கம் பண்ணிட்டாங்க. பாத்துட்டு வந்தேன். இது அவர் இல்ல."

"தெரியும்." உதடு மட்டும்தான் அசைந்தது. "பெத்தவளுக்குத் தெரியாதா."

தட்டுகிற கை நிற்கவில்லை.

உள்ளே மூச்சு நின்றது.

க்ர்க்...

தலைப்பக்கத்து அட்டை நிமிர்ந்தது.

எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அத்தை என் கையைப் பிடித்தார். பின்வாசல் வழியாக ஓடினோம். செருப்பு போடவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் அட்டை இழுபடும் சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அன்று பூவரசன் வீட்டில் இருந்தோம். காலையில் அவன்தான் போய் வெளியிலிருந்தே இரண்டு கதவையும் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். அனுப்பம்பட்டில் பரத்தின் அக்கா வளர்மதி வீட்டுக்கு வந்துவிட்டோம். வந்து சேர்ந்த அன்று எனக்கு அழுகை வந்தது. பரத்துக்காக வந்ததா, பயத்தில் வந்ததா என்று தெரியவில்லை. நிற்க வெகுநேரம் ஆனது.

அத்தையும் நானும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம் ஒரு பகலில், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, ஒரே ஒரு முறை கேட்டேன்.

"அவர் இல்லன்னு தெரிஞ்சும் ஏன் அத்தை பரத்துனு கூப்ட்டீங்க?"

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மகனேனு கூப்ட்டா அடங்கி இருந்தான். அதான்."

"அப்புறம் ஏன் அவனுக்குப் படகு?"

ஒரு கட்டு கீரை முழுவதும் ஆய்ந்து முடித்தார்.

"மொத நாளு நீ உள்ள தூங்கிக்கினு இருந்த. உன்னையே பாத்துக்கினு நின்னான். இவள இட்டுக்கினு போறேன்னான். எதுல போவ, அவ செஞ்ச படகு கீது, அதுல எடம் கீதா பாருன்னேன். அதுல ஏறி அமுக்கிப் பாத்தான்..."

கீரைத்தண்டை முறத்திலிருந்து தள்ளினார்.

"ரெண்டு பேருக்கு எடம் பத்தலன்னான்."