சத்தம் விழுந்த டேக்

எங்கள் பேண்டில் நாலு பேர். மாதா கோயில் பாடகர் குழுவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். நான் லீட் கிட்டார். கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் விழா என்று பத்து வருடமாக அடுத்தவர் பாட்டையே வாசித்துக் கை மரத்துப்போயிருந்தது. எனக்கென்று தனியாக ஒரு ஆல்பம் போடப்போகிறேன் என்றதும் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் மட்டும், "போடுலே, இவுங்கள நான் பாத்துக்கிறேன்" என்றான்.

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் எனக்கு வேலை. அரை நாள் லீவு போட்டு, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, போனைச் சைலண்டில் கவிழ்த்துவிட்டு வீட்டிலேயே பதிவு செய்தேன். கடைசிப் பாட்டின் சோலோ மட்டும் ஒரு வாரமாகப் படியவே இல்லை. அன்றைக்குப் படிந்தது. பாதியில் தரை அதிர்ந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்தால் படபடவென்று வந்துபோகும். விபத்து என்றால் ஒரே சத்தம், வயிற்றில் விழும். போட்டது போட்டபடி தெருவுக்கு வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். நான் கல்குவாரி வெடி என்று எனக்கே சொல்லிக்கொண்டு வாசித்தேன்.

முடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனை எடுத்தால், டிரம்மர் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். அவனை வளர்த்த அக்கா ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். அவனிடம் வண்டி கிடையாது. என் பைக்குக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான். அவன் பஸ்ஸுக்குக் காத்து நின்று போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அக்கா வழியிலேயே போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது, கூட ஏறியிருந்தால் கடைசியாகப் பேசியாவது இருப்பேனே என்று அழுதான்.

பாட்டுப் பதிவில் இருந்தேன், ஹெட்போன் மாட்டியிருந்ததால் ஒன்றுமே கேட்கவில்லை என்றேன்.

"நீ என்னலே செய்வே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அந்த சோலோவைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். விரல் ஓடியது, பாட்டு வரவில்லை. வெட்கங்கெட்டுப்போய்ப் அன்றைக்குப் பதிவான பழைய டேக்கையே வைத்துக்கொண்டு, அதில் விழுந்திருந்த வெடிச்சத்தத்தை மட்டும் முடிந்தவரை குறைத்தேன்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவனே வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு வாசித்ததைப் போடச் சொன்னான். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவன், சத்தம் வந்த இடத்தில் நிமிர்ந்து, பின்னால் தள்ளச் சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னான். மேசையில் விரலால் தாளம் போட்டபடி கேட்டான். சத்தம் விழுந்ததும் கிட்டார் அரைத் தாளம் நிற்கிறது, பிறகு போகிறது. எத்தனையோ முறை கேட்டும் நான் கவனிக்காத இடம். பத்து வருடம் எனக்குத் தாளம் பிடித்தவனுக்கு அது தப்புமா?

"இங்கன நின்னுருக்கியேலே. கேட்டுருக்கு உனக்கு."

ஆமாம் என்றேன்.

அவன் திட்டவில்லை. நிறுத்தப்போன என் கையை விலக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே மீதிப் பாட்டையும் கேட்டான். அது முடிய நான்கு நிமிடம் ஆனது.