மருந்து போடாத துவக்கு: ஹம்மிலிருந்து சவர்லாண்ட் மலைக்கு ஒரு சனிக்கிழமை

எனக்குத் துவக்கு என்றால் ஆகாது. ஆகாததால்தான் ஜேர்மனிக்கே ஓடி வந்தேன் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட நான் போன செப்டெம்பரில், மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லீவுச் சனிக்கிழமையில், நாள் முழுக்கத் துவக்குப் புகை குடித்துவிட்டு வந்தேன். காரணம் என் அக்கா.

அக்காவும் யோகன் அத்தானும் ஹம்மில் எனக்கு அடுத்த தெரு. அத்தான் ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டிகளைத் திருத்துபவர். அந்த வேலை போதாதென்று வீட்டுக்கடியில் இருக்கிற கெல்லரில் ஏழு பழைய துவக்குகளையும் திருத்திக்கொண்டிருக்கிறார். ஒன்றிரண்டு நிஜமாகவே நூற்றைம்பது வருடப் பழசு, மற்றவை அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள். வாய்ப்பக்கத்தால் கறுப்பு வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் தண்டால் இடித்து இறக்கிச் சுடுகிற வகை. பதினெட்டு வயதானவர் யாரும் இந்த ஒற்றை வெடித் துவக்கைக் கடையில் வாங்கலாமாம். உள்ளே போடுகிற மருந்துக்குத்தான் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதி எடுக்கவேண்டும். கலியாணம் சுலபம், குடும்பம் நடத்தத்தான் அனுமதி என்பது போல.

அக்கா கலியாண வீடுகளுக்கு முறுக்கு, மிக்சர், ரோல்ஸ் செய்து கொடுப்பவர். ரோல்ஸை உறையவைக்க ஆள் நிற்கும் உயரத்தில் ஒரு உறைபெட்டி வைக்க அவருக்கும் அந்தக் கெல்லர்தான் வேண்டும். இரண்டு வருடச் சண்டைக்குப் பிறகு ஒப்பந்தம் இப்படி முடிந்தது: அத்தான் தன் துவக்குச் சங்கத்தின் மூன்று பேர் அணிக்குள் வந்தால் கெல்லர் அவருக்கு. வராவிட்டால் தீபாவளிக்கு முன் ஏழு துவக்கையும் விற்கவேண்டும். அணித் தேர்வுதான் அந்தச் சனிக்கிழமை.

“நீயும் போ,” என்றார் அக்கா. “அந்தாள் தோத்திட்டு வந்து வெண்டனான் எண்டு சொன்னா எனக்கெப்பிடித் தெரியும்?”

ஆக நான் பயணி அல்ல, உளவாளி. உளவாளிக்குப் பெற்றோல் காசும் தரவில்லை.

காலை 7.10க்கு என் காரில் புறப்பட்டோம். ரயிலில் போகலாமா என்று கேட்டீர்களானால், வேண்டாம். மருந்தையும் துவக்கையும் வைத்துக்கொண்டு ரயிலில் விளக்கம் சொல்ல என்னால் ஏலாது. துவக்கு பூட்டிய பெட்டியில் பின்னால் இருக்கவேண்டும், மருந்து வேறாக இருக்கவேண்டும். வேர்ல் வரை போய் A445இல் ஏறி, அங்கிருந்து A46. நுட்லார் பக்கம் ஒரு பெரும் பாலத்தைத் தாண்டியதும் இந்தச் சாலை, காசு தீர்ந்துபோன மாதிரித் திடீரென்று முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மலைப்பாதை, உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்வலம். மொத்தம் 94 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணித்தியாலம்.

அவ்வளவு நேரமும் அத்தான் பாடம் நடத்தினார். முதலில் மருந்து, பிறகு எண்ணெய் பூசிய துணி, அதன்மேல் குண்டு, கடைசியாக வெளியே பொறி கொடுக்கிற சின்னச் செப்புத் தொப்பி. மருந்தை மறந்து குண்டை முதலில் இறக்கிவிட்டால் குண்டு உள்ளே இறுகி அன்றைய நாள் நாசம். மருந்தைக் கொட்டிய பிறகுதான் மூச்சே விடவேண்டும் என்றார். “இதில பிழை விடுறவன் துவக்கைத் தொடப்படாது, மச்சாள்.” இதை வழியில் ஆர்ன்ஸ்பேர்க்கில் ஒருமுறை, மெஷெடேயில் ஒருமுறை, பிறகு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் இன்னொரு முறை சொன்னார்.

சுடுதளம் ஒரு மலையூரைத் தாண்டி ஒரு பைன் காட்டுக்குள். பார்வையாளருக்குக் கட்டணமில்லை, போட்டியாளருக்கு 12 யூரோ. காது மூடி இலவசமாகத் தருகிறார்கள். அது இரண்டாம் வெடியோடேயே வேலை செய்வதை நிறுத்திவிடும். பட்டாணி சூப் 4.50, குடிக்கலாம். ஆட்கள் கெட்டவர்கள் அல்ல. வயிற்றில் தோல்பட்டி கட்டிய ஓய்வூதியக்காரர்கள், குளித்துவிட்டு வந்தாலும் புகையில் கறுத்துப்போகும் மனிதர்கள். என் பக்கத்தில் இருந்த கிழவர் தன் மனைவியைவிடத் தன் துவக்கின் விசையைப் பற்றி அதிகம் சொன்னார். மனைவியும் பக்கத்திலேயே இருந்தார்.

போட்டி இப்படி: அரை மணித்தியாலத்தில் பதின்மூன்று வெடி, நல்லதாகப் பத்து எடுத்துக் கணக்கிடுவார்கள். அணியில் இரண்டு இடம் ஏற்கெனவே உறுதி. மூன்றாம் இடத்துக்கு அத்தானுக்கும் ஹைக்கே என்ற பெண்ணுக்கும் போட்டி. ஹைக்கே பல் வைத்தியரிடம் வேலை செய்பவர், அத்தானுக்குப் பக்கத்து மேடையில் நின்றார். இருவர் முன்னாலும் அளந்து வைத்த மருந்துக் குழாய்கள் பதின்மூன்று, மரக்கட்டையில் வரிசையாக.

முதல் எட்டு வெடியும் அத்தான் அருமையாகச் சுட்டார். அவர் திருத்திய அந்தப் பழைய துவக்கு, இரண்டு குளிர்காலம் அக்காவிடம் ஏச்சு வாங்கித் தந்த துவக்கு, இலக்கு அட்டையின் நடுவைத் தின்றது. தொலைநோக்கியில் பார்த்த கிழவரே தலையாட்டினார். நான் கை தட்டினேன், பிறகுதான் உளவாளி என்பது ஞாபகம் வந்தது. ஒன்பதாவதுக்கு முன் அத்தான் கண்ணாடியைத் துடைத்து, அட்டையைப் பார்த்து, தனக்குத்தானே சிரித்தார். துணி, குண்டு, தண்டு, தொப்பி. விசையை இழுத்தார். “டிக்” என்றது. அவ்வளவுதான்.

இன்னொரு தொப்பி. “டிக்.” இன்னொன்று.

கிழவர் என் காதுமூடியைத் தூக்கிவிட்டு, மருந்து போடவில்லை என்று சந்தோஷமாக அறிவித்தார். பின்வரிசை முழுவதுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது, ஒன்பதாவது குழாய் கட்டையில் நிறைந்து நின்றது. அத்தானுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்ததை ஒத்துக்கொள்ள மனமில்லை. கையைத் தூக்கினால் மேற்பார்வையாளர் வந்து உதவுவார். ஆனால் கை தூக்கினால் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே மனிதர், பொறி போகும் துளை அடைத்துவிட்டது என்ற பாவனையில், ஒரு ஊசியை எடுத்துக் குத்திக்கொண்டு நின்றார். ஏழு நிமிடம். ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஊரிடமிருந்து மறைக்க ஏழு நிமிடம். கெல்லரை அந்த ஊசியால் குத்திக் குத்தித் தொலைத்தார்.

கடைசியில் ஹைக்கே தன் துவக்கைக் கீழே வைத்தார். குனிந்து, அந்தக் குழாயை விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, தன் பெட்டியிலிருந்து காற்றடைத்த ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார். பொறித் துளையில் அதைப் பொருத்தியதும் “புஸ்” என்று குண்டு வெளியே பாய்ந்து புல்லில் விழுந்தது. அத்தானிடமும் அதே கருவி இருக்கிறது. தனக்குத் தேவைப்படாது என்று கெல்லரிலேயே வைத்துவிட்டு வந்தவர்.

மிச்ச நேரத்தில் இரண்டு வெடிதான் அவருக்குக் கிடைத்தது. கழிக்க ஒன்றுமில்லை, சுட்ட பத்தும் கணக்கு. கடைசி இரண்டும் பதற்றத்தில் ஓரம் போயின. ஹைக்கேயைவிட இரண்டு புள்ளி குறைவு. அத்தானே போய் அவருக்குக் கை கொடுத்தார், அதை நான் ஒளிக்காமல் எழுதவேண்டும்.

திரும்பும்போது மெஷெடே வரை பாடமில்லை. பிறகு, “கொக்காவுக்கு நீர் சொல்லுறீரோ, நான் சொல்லவோ?” என்று கேட்டார். நான் கியரை மாற்றினேன். சுடுதளத்துக் கழிப்பறையிலிருந்தே அக்காவுக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தேன், மூன்று நிமிடத்துக்கு, நடிப்போடு.

வீட்டுக்குப் போனால், கெல்லரில் உறைபெட்டி ஏற்கெனவே வந்து இரைந்துகொண்டிருந்தது. முடிவு தெரியும் முன்னரே அக்கா வரவழைத்திருக்கிறார். அத்தான் அதை ஒருதரம் பார்த்துவிட்டுத் துவக்கைக் கழற்ற ஆரம்பித்தார். கறுப்பு மருந்து சுட்டால் அன்றே கொதிநீரால் கழுவவேண்டும், இல்லாவிட்டால் விடிய முன் துருப்பிடித்துவிடும். வழக்கத்தில் தண்ணீர் கொதிக்கவைப்பதும் அவர்தான். அன்றைக்குப் படியில் கேத்தலோடு வந்தது அக்கா.

“பிடியுங்கோ நேராய்,” என்றார். “துருப்பிடிச்சதை ஆர் வாங்குறது?”

அத்தான் குழலைப் பிடிக்க, அக்கா ஊற்றினார். கறுப்புத் தண்ணீர் போய், சாம்பலாகி, தெளிந்து வரும்வரை நான்கு கேத்தல். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

நீங்களும் போவதானால்: மே முதல் செப்டெம்பர் வரை நல்லது. கறுப்பு உடுப்பு போடுங்கள், காதுக்குச் சொந்தமாக அடைப்பான் கொண்டு போங்கள். தலைமுடியில் அவிந்த முட்டை நாற்றம் இரண்டு முழுக்குக்குப் போகாது. சுடுபவர் யாராவது ஊசியால் துளையைக் குத்திக்கொண்டு நின்றால் அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

தீபாவளிக்கு முன் ஆறு துவக்கு விற்றுப் போயின. அவற்றின் இடத்தில் மிக்சர் வாளிகள். அன்று சுட்ட அந்தப் பழைய துவக்குக்கும் பீலெஃபெல்டிலிருந்து ஒருவர் காசோடு வந்திருந்தார். அத்தான் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கும் நேரம் அக்கா குறுக்கே வந்து, சுட்ட பிறகு எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டாராம். அன்றிரவு அக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி.

“எண்ணெயை மட்டும் விசிறிப்போட்டு வைப்பானாம். போகச் சொன்னன்.”