பதினோராம் காம்பராவுக்கு ஒரு கடிதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கதவுகளில் நம்பர் எழுதியவள் நான்தான். அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இன்றைக்குப் பிள்ளைகளின் பரீட்சை முடிவும் வங்கிக் கடிதமும் நேராக வாசலுக்கு வருகின்றன. இளசுகள் அது மலையோடு சேர்ந்து முளைத்த வசதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் யுத்தத்திலிருந்து எழுதிய கடிதங்களுக்காக நான் போட்ட சண்டையில் கிடைத்தது அது.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அப்போது தோட்டத்தில் யாருக்கும் சொந்த விலாசம் கிடையாது. பேர், தோட்டம், டவுன், அவ்வளவுதான். தபால்காரர் மொத்தக் கட்டையும் தோட்ட ஆபிசில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவார். கிளாக்கர் அதைப் பிரித்துத் தோட்டத்தின் மேல், கீழ் டிவிசன்களுக்கு அனுப்புவார். மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், நாங்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு குளிரில் நிற்க, கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது, மலைக்கு ஏறுவதற்குள் டிவிசன் முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்கு வந்தவை ராணுவ முத்திரை குத்திய கடிதங்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்து ஆள். ராணுவத்தில் லொறி ஓட்டினார். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு வேறு வழியில்லாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவரை வடக்கே அனுப்பினார்கள். நான் அப்பா அம்மாவோடு லயத்தில் இருந்துகொண்டு, ஆள் குறைகிற நாட்களில், பதிவில்லாமல் அன்றன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு, கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தேன்.

பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டால் போதும், கேலி தொடங்கிவிடும்.

"என்னடி, ஒன் வீட்டுக்காரரு சண்டைய முடிச்சிட்டாரா இல்லையா?"

"முடிச்சா மொதல்ல ஒனக்குத்தான் சொல்லி அனுப்புவாரு. நீ போயி கொழுந்தெடு."

வாயைக் கொடுத்தவளுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுப்பது என் சுபாவம். ஆனால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுடைய சொந்தங்கள் வடக்கே, சண்டை நடந்த வன்னியில் இருந்தார்கள். அவர்களிடம் நான் வாயாடியதில்லை. எந்தப் பக்கம் நின்று பயப்படுவது என்று எனக்கே தெரியாத காலம் அது.

கடிதம் சிங்களத்தில் இருக்கும். நான் படித்தது கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் என்பதால் வாசிப்பதில் சிரமமில்லை. சாயங்காலம் அப்பா அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, மருமகன் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்பார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். யுத்தத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பருப்பு தண்ணியாக இருக்கிறது, முகாமில் ஒரு நாய் தன் லொறிக்கு அடியில்தான் தூங்குகிறது, நம் பக்கத்து மழையில் ஒரு நாள் நனைந்தால் போதும் என்றெல்லாம் எழுதுவார். கடைசிப் பாதியில் எனக்கு மட்டும் எழுதியிருப்பார். அங்கே வந்ததும் நான் நிறுத்திவிடுவேன்.

"அவ்வளவுதானா? தாள்ல இன்னும் நெறைய எழுத்து இருக்கே," என்பார் அப்பா.

"அது திரும்பவும் பருப்பப் பத்திதாம்ப்பா," என்பேன். அம்மா அடுப்பை ஊதுகிற சாக்கில் சிரிப்பாள்.

பிறகு ஒரு நாள் கடிதம் நின்றது. ஒரு வாரம் தள்ளிப்போவது வழக்கம்தான். இரண்டு வாரம், மூன்று வாரம் ஆயிற்று. தொலைக்காட்சியில் வடக்கே பெரிய சண்டை நடக்கிறது என்று காட்டினார்கள். அவருடைய வீட்டுக்கும் ஒரு தகவலும் இல்லை. பெரட்டில் என்னைக் கேலி செய்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. மலையில் நிற்கும்போது கை கொழுந்தைக் கிள்ளும், மனம் எங்கேயோ கிடக்கும். ஒரு மாதம் தாண்டிய பிறகு, இனிப் பொறுப்பதில்லை என்று படங்கோடு நேராக ஆபிசுக்குப் போனேன்.

பழைய கிளாக்கர் மாறிப் போயிருந்தார். அவருக்குத் தோட்டத்தில் எல்லாருடைய குடும்பக் கதையும் அத்துப்படி. புதிதாக வந்தவருக்கு ஒருவரையும் தெரியாது.

"அந்தப் பேருக்கு வந்த காயிதம் எல்லாம் அனுப்பியாச்சே," என்றார்.

"எங்கங்கய்யா அனுப்புனீங்க?"

"செக்ரோல் பதிவுல பேரு பாத்தேன். மேல் டிவிசன்ல இருந்திச்சி. அங்க அனுப்பிட்டேன்."

என் பேர் அம்மன் பேர். எங்கள் தோட்டத்தில் அந்தப் பேரில் ஒருத்தியாவது இல்லாத லயம் கிடையாது. என் காலிலிருந்து தலைவரை சூடு ஏறியது.

"ஐயா, நான் கைக்காசு ஆளு. செக்ரோல்ல நான் இல்ல. அதுக்காக எனக்குப் புருசனும் இல்லன்னு ஆயிருமா?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் மேல் டிவிசனுக்கு ஏறத் தொடங்கிவிட்டேன்.

என் பேர்க்காரியின் காம்பரா கடைசி லயத்தில் இருந்தது. அம்மா வயதுக்குக் கொஞ்சம் குறைந்தவள். அவளுடைய ஒரே மகன் சொந்தக்காரர்களின் தோட்டத்தில் வேலை செய்ய வன்னிக்குப் போனவன். சண்டை இறுகிய பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் உள்ளே போய், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நான்கு கடிதங்கள் இருந்தன. ஒன்றையும் அவள் உடைக்கவில்லை.

"ஆமி முத்திரையப் பாத்ததும் எனக்கு உசிரே போச்சு, தங்கச்சி. எம் மவனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சின்னு எழுதியிருந்தா? பிரிக்காத வரைக்கும் அவன் இருக்கான்ல."

அவளுடைய வாசற்படியிலேயே உட்கார்ந்து கடைசியாக வந்ததை உடைத்தேன். அவசரத்தில் தாளின் ஓரம் கிழிந்தது. 'இங்கே மூன்று நாளாக மழை. நாய் குட்டி போட்டிருக்கிறது' என்று தொடங்கியிருந்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காருக்கா" என்றேன். "எம் மவனப் பத்தி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றதும் அவளும் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதாள். ஒரு மாதமாக, வராத கடிதத்துக்காக நான் செத்துப் பிழைத்தேன், வந்த கடிதத்துக்காக அவள் செத்துப் பிழைத்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலையில் இறங்கினேன். கோயிலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலப் பெயிண்டை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு, எங்கள் லயத்தில் ஒவ்வொரு கதவிலும் நம்பர் எழுதினேன். எங்களுடையது பதினொன்று. பிறகு மேலே ஏறி என் பேர்க்காரியின் லயத்திலும் எழுதினேன். அவளுடையது மூன்று. பெயிண்ட் வழிந்து அந்த மூன்றுக்கு ஒரு வால் முளைத்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கிளாக்கர் கணக்கப்பிள்ளையோடு வந்து நின்றார்.

"தோட்டத்துச் செவத்துல யாரக் கேட்டு எழுதுன?"

"செவத்துல எழுதலங்கய்யா, கதவுல எழுதுனேன். கதவெல்லாம் அவங்கவங்க சொந்தக் காசுல போட்டது."

லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து அவரவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்கள். கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் தோட்ட மானேஜரான துரையிடம் போய்ச் சொன்னார்கள். துரை வந்து நடந்து பார்த்தார். "நல்லதுதானே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். கிளாக்கரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்தேன்.

அடுத்து டவுன் தபால் கந்தோருக்குப் போய், கடிதத்தை வாசலுக்கே கொண்டுவரக் கேட்டேன். அந்த ஆபிசில் பெரியவர், விலாசம் சரியாக இருந்தால் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை என்று ஒரே சொல்லில் முடித்தார். தபால்காரர்தான் ஏற்றத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டார். வடக்கே என் வீட்டுக்காரருக்குப் புது விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள், தபால்காரர் மூச்சிரைக்க எங்கள் லயத்துக்கு ஏறி வந்து, "பதினோராம் நம்பர்" என்று கூப்பிட்டார். லயமே வெளியே வந்துவிட்டது. நான் கடிதத்தை உடைக்காமல் முதலில் மேலுறையைத்தான் உரக்கப் படித்தேன்: என் பேர், பதினோராம் காம்பரா, இரண்டாம் லயம், கீழ் டிவிசன், தோட்டம், டவுன். திரும்பப் படிக்கச் சொன்னார்கள். திரும்பவும் படித்தேன். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தோட்டத்துக்கே பைத்தியம் பிடித்தது. எல்லா லயத்திலும் நம்பர் ஏறியது. கடிதம் எழுத ஆளில்லாதவர்கள் டவுனுக்குப் போய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு கடிதம் போட்டுவிட்டு வந்து வாசலில் காத்திருந்தார்கள். தபால்காரர் என்னைக் கண்டால் கும்பிடு போடத் தொடங்கினார்.

யுத்தம் முடிந்தது. என் வீட்டுக்காரர் கறுத்து மெலிந்து, முழு உடம்போடு வந்து சேர்ந்தார். என் பேர்க்காரிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும். அகதி முகாம்களில் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் தன் விலாசத்தை எழுதச் சொல்லி என்னிடம் வருவாள். மூன்றாம் காம்பரா என்பதை மறக்காமல் போடு என்பாள். நானும் மறக்காமல் போட்டேன்.

ஒரு காலை தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போனார். கையில் இருந்த உறையில் என் பேரைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"இது உங்களுக்கு இல்ல, நங்கி," என்றார், சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்து. "பேர் ஒண்ணுதான். நம்பர் மூணு, மேல் டிவிசன்."

உறையில் முத்திரை, அகதி முகாம்கள் இருந்த வவுனியாவுடையது. எழுத்து தமிழ். நான் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் ஏறி ஓடினேன்.

அவள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த தபால்காரரின் கையில் உறையைக் கண்டதும் மகனின் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டாள். சாம்பல் கையைச் சேலையில் துடைக்கக்கூட நிற்கவில்லை. வாங்கி, நின்ற இடத்திலேயே பர்ரென்று கிழித்தாள். முதல் வரியைப் படித்தாள். பிறகு கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, படியிறங்கிக்கொண்டிருந்த தபால்காரரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, எம் பேரையும் நம்பரையும் இன்னொருக்கா சத்தமா கூப்புடுங்க. மலையில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் கூப்பிட்டார். அவள் "இருக்கேன்" என்றாள்.